கிளிஞ்சலும் வாய்பாடும்: மேற்படிப்பு பற்றிச் சில வார்த்தைகள்

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"மேற்படிப்பு ஏன்?" என்று பேசச் சொல்லிச் செயலாளர் கேட்டபோது கொஞ்சம் தயங்கினேன். இந்தத் தலைப்பில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒரு வகை, வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் சேர்க்கிறவர்கள். இன்னொரு வகை, தாங்கள் படித்துவிட்டதால் உலகமே படிக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள். நான் இரண்டிலும் சேராமல் பேசப் பார்க்கிறேன். போன வாரம் மூன்றாம் ஆண்டுத் தம்பி ஒருவர் போனில் கேட்டார்: "அண்ணா, கேம்பஸ்ல வேலை கெடச்சிடும்னு சொல்றாங்க. அப்புறம் எதுக்குண்ணா மறுபடி போய் உக்காந்து படிக்கணும்?" நியாயமான கேள்வி. உங்களில் பெரும்பாலானவர்களுக்கு என் பதில், படிக்கத் தேவையில்லை என்பதுதான். மீதிப் பேர்களுக்காகத்தான் இந்தப் பேச்சு. அந்த மீதியில் தான் இருக்கிறோமா என்பது பல பேருக்குத் தெரிவதில்லை. அதனால் எல்லோரும் கேட்டு வைப்பது நல்லது.

நம்ம ஊர்க் கதை ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். 200 வருடத்துக்கு முந்தைய கதை.

ஜான் வாரன் என்று ஒரு ராணுவ அதிகாரி இருந்தார். பிறப்பால் பிரெஞ்சுத் தொடர்புள்ளவர். சென்னை வானியல் கூடத்தில் சில வருடம் பொறுப்பில் இருந்தவர், பிறகு நம் புதுச்சேரியில் வாழ்ந்து 1830-ல் இங்கேயே காலமானவர். நம் நாட்டுக் காலக்கணிதம் பற்றி 'கால சங்கலித' என்று ஒரு பெரிய புத்தகம் எழுதினார். 1825-ல் அச்சானது. அதில் புதுச்சேரியில் தான் சந்தித்த ஒரு பஞ்சாங்கக்காரரைப் பற்றிச் சொல்கிறார். பெயரை வாரன் எழுதியிருக்கும் எழுத்துக்கூட்டலைப் பார்த்தால் சாமிநாதன் சேஷையா என்பது போலத் தெரிகிறது. 1825 மே 31, ஜூன் 1-க்கு இடைப்பட்ட இரவில் வரவேண்டிய சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டும்படி வாரன் அவரிடம் கேட்டார்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? காகிதம் இல்லை, ஓலை இல்லை, எழுத்தாணி இல்லை. தரையில் கிளிஞ்சல்களைப் பரப்பினார். எண்களை எல்லாம் சொற்களாக்கி மனப்பாடம் செய்து வைத்திருந்தார். வாயால் வாக்கியத்தைச் சொல்வது, கையால் கிளிஞ்சலை நகர்த்துவது. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் எல்லாம் தரையிலேயே. கடைசியில் விடை வந்தது. கிரகணம் தொடங்கும் நேரத்தில் பிசகு 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடியும் நேரத்தில் 52 நிமிடம்.

கை தட்ட வேண்டிய விஷயம் இது. ஒரு மனிதர் வெறும் நினைவை வைத்துக்கொண்டு நிலவின் மேல் விழும் நிழலை இவ்வளவு நெருக்கமாகப் பிடித்திருக்கிறார். 1952-ல் நொய்கெபாவர் என்ற கணித வரலாற்று அறிஞர் இந்தக் கணக்கை எடுத்து ஆராய்ந்தார். இதன் வழிமுறையில் பழைய பாபிலோனியக் கணக்கின் சாயல் இருப்பதைக் காட்டினார். நம் வீட்டுப் பெரியவர்கள் வாக்கியப் பஞ்சாங்கமா, திருக்கணிதப் பஞ்சாங்கமா என்று இன்றைக்கும் சண்டை போடுகிறார்களே, அந்த வாக்கியத்தின் வேர் எவ்வளவு ஆழம் என்று பாருங்கள்.

ஆனால் வாரன் இன்னொன்றும் எழுதியிருக்கிறார். அந்தக் கணக்கர் நினைவாற்றலில் அசாத்தியமானவர், ஆனால் தான் செய்யும் கணக்கு ஏன் அப்படி வருகிறது என்ற கொள்கை அவருக்குத் தெரியாது என்று. ஒரு வெள்ளைக்காரர் சொன்னதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே கேட்க வேண்டும். இருந்தாலும் அந்த 52 நிமிடத்தை நினைத்துப் பாருங்கள். அந்தப் பிசகை எப்படித் திருத்துவது? வாக்கியத்தில் எந்தச் சொல்லை மாற்றுவது? வாய்பாடு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தவருக்குத்தான் அதில் எங்கே கை வைக்கலாம் என்று தெரியும். மற்றவர் அதை அடுத்த தலைமுறைக்கு அப்படியே ஒப்பிக்கலாம், அவ்வளவுதான்.

இந்தக் கதையைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் நானும் அதே கிளிஞ்சல் வேலைதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நம் கல்லூரியில் சிவில் முடித்துவிட்டு ஓர் ஆலோசனை நிறுவனத்தில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். கடலோரத்தில் கல் கொட்டும் வேலைகளுக்கு வடிவமைப்பு. அலையின் உயரத்தைக் கொடுத்தால் எத்தனை டன் கல் போட வேண்டும் என்று சொல்ல வேண்டும். அதற்கு ஹட்சன் சூத்திரம் என்று ஒன்று உண்டு. அமெரிக்க ராணுவத்தின் விக்ஸ்பர்க் ஆய்வுக்கூடத்தில் தொட்டியில் அலை உண்டாக்கிப் பார்த்து, 1959-ல் ஹட்சன் என்பவர் வெளியிட்டது. கல்லின் எடை, அலை உயரத்தின் கன மடங்காக ஏறும். அதாவது அலை 2 மீட்டரிலிருந்து 2.5 மீட்டர் ஆனால் கல்லின் எடை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதில் ஒரு கெழு வேறு இருக்கிறது. உடைத்தெடுத்த முரட்டுக் கல்லை இரண்டு அடுக்காகப் போட்டால், உடையும் அலைக்கு 2, உடையாத அலைக்கு 4 என்று கையேட்டில் போட்டிருக்கும். 2-ஐப் போட்டால் ஒரு எடை, 4-ஐப் போட்டால் அதில் பாதி. ஒப்பந்தக்காரருக்கு இதில் கோடிக்கணக்கில் வித்தியாசம்.

இந்த 2 எங்கிருந்து வந்தது, 4 எங்கிருந்து வந்தது என்று அலுவலகத்தில் கேட்டேன். "கோட்ல அப்படித்தான் இருக்கு, போடுப்பா" என்றார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் வரைபடம் போயாக வேண்டும். கேள்வி கேட்பதற்கு யாரும் அங்கே சம்பளம் கொடுப்பதில்லை.

பிறகுதான் தெரிந்தது, ஹட்சன் சூத்திரத்தில் அலை எத்தனை நொடிக்கு ஒரு முறை வருகிறது என்பதே கிடையாது. புயல் எத்தனை மணி நேரம் அடித்தது என்பது கிடையாது. கல்லுக்கு உள்ளே தண்ணீர் புகுந்து வெளியேறுகிறதா என்பதும் கிடையாது. இதையெல்லாம் சேர்த்து ஒரு புதிய சூத்திரம் வந்தது. கொண்டுவந்தவர் வான் டெர் மேர் என்ற டச்சுக்காரர். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் 1988-ல் அவர் சமர்ப்பித்த பி.எச்டி. ஆய்வேடு அது! உலகம் முழுக்க இன்றைக்குக் கடலரிப்புத் தடுப்புக்குக் கல் எடை போடுகிறவர்கள் அந்த ஆய்வேட்டைத்தான் புரட்டுகிறார்கள். தம்பிகளா, நாம் தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் சூத்திரங்களில் எத்தனை, நம்மைப் போல விடுதியில் இருந்துகொண்டு மெஸ் சாப்பாட்டைத் திட்டிக்கொண்டிருந்த ஒரு மாணவரின் வேலை என்று யோசித்திருக்கிறீர்களா?

ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்துக்கும் மற்றக் கல்லூரிக்கும் உள்ள வித்தியாசத்தை நான் இப்படித்தான் புரிந்துகொண்டேன். ஓர் இடத்தில் வாய்பாடு கற்றுத் தருகிறார்கள். இன்னோர் இடத்தில் வாய்பாடு தயாராகிறது. இரண்டும் வேண்டும். நம் கல்லூரி எனக்கு வாய்பாட்டை ஒழுங்காகக் கற்றுக்கொடுத்தது, அதில் எனக்குக் குறையே இல்லை. நம் நாட்டில் பல்கலைக்கழகம் என்பதே முதலில் தேர்வு நடத்தும் அலுவலகமாகத்தான் வந்தது. 1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்துச் செய்தார்கள். கல்லூரிகள் பாடம் நடத்தும், பல்கலைக்கழகம் தேர்வு வைத்துப் பட்டம் கொடுக்கும். ஆய்வுக்கென்றே ஓர் இடம் வேண்டும் என்று ஜாம்ஷெட்ஜி டாடா பணம் ஒதுக்கி, மைசூர் சமஸ்தானம் நிலம் கொடுத்து, பெங்களூரில் இந்திய அறிவியல் கழகம் தொடங்கியது 1909-ல்தான். தேர்வு அலுவலகம் என்ற பழைய வாசனை இன்னும் நம்மை விட்டு முழுக்கப் போகவில்லை என்பது என் அபிப்பிராயம்.

இப்போது நம் கல்லூரி வாசலுக்கே வருகிறேன். பிள்ளைச்சாவடியில் ஈ.சி.ஆர். ரோட்டைக் கடந்து நடந்தால் கடல். முதல் பேட்ச் அண்ணன்மார்கள், 1984-ல் சேர்ந்தவர்கள், இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைக் கேளுங்கள், அப்போது பாண்டியில் கடற்கரை எப்படி இருந்தது என்று. என் தலைமுறைக்கு பீச் என்றால் காந்தி சிலைக்கு முன்னால் கருங்கல் குவியல். மணல் என்பது அப்பா சொன்ன கதை.

காரணம் எல்லோருக்கும் மேலோட்டமாகத் தெரியும்: 1980-களின் கடைசியில் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டினார்கள், மணல் போய்விட்டது. எப்படிப் போனது? சோழமண்டலக் கரையில் மணல் ஓர் இடத்தில் உட்கார்ந்திருப்பதில்லை. தென்மேற்குப் பருவத்தில் அலை தெற்கிலிருந்து சாய்வாக வந்து மணலை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவத்தில் கொஞ்சத்தைத் தெற்கே திருப்பித் தள்ளும். வருடக் கணக்குப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம், பல லட்சம் கன மீட்டர். அந்த ஓட்டத்தின் குறுக்கே சுவர் வைத்தால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை பட்டினி கிடக்கும். சென்னையில் துறைமுகம் கட்டிய பிறகு தெற்கே மெரினா அகலமானதும், வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்ததும் இதே கணக்குத்தான். நூறு வருடத்துக்கு முன்பே நடந்து முடிந்த பாடம். பாண்டியில் மறுபடி நடந்தது.

நகரத்தைக் காப்பாற்றக் கல் கொட்டினோம். கல் கொட்டிய இடம் நின்றது, அதற்கு வடக்கே அரித்தது. அங்கே கல் கொட்டினோம், அதற்கும் வடக்கே போனது. வைத்திக்குப்பம், சோலை நகர், பிறகு தமிழ்நாட்டு எல்லையில் தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் என்று மீனவர் வீடுகள் ஒவ்வொன்றாகக் கடலுக்குப் போன கதை உங்களுக்குத் தெரியும். கல்லின் எடையை யாரும் தப்பாகப் போடவில்லை, சூத்திரப்படி சரிதான். கல்தான் வேண்டுமா என்ற கேள்வி அந்தச் சூத்திரத்துக்குள் இல்லை.

அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டுதான் நான் ஐ.ஐ.டி. மெட்ராஸில் கடல்சார் பொறியியல் துறைக்கு எம்.எஸ். ஆராய்ச்சிப் படிப்புக்குப் போனேன். வீட்டில் பிடிக்கவில்லை. வாங்கிக்கொண்டிருந்த சம்பளத்தில் பாதிக்கும் கீழேதான் உதவித்தொகை. "தங்கச்சி கல்யாணத்த வச்சிக்கிட்டு இவன் மான் மேய்க்கப் போறான்" என்று மாமா சொன்னார். (அந்த வளாகத்தில் நிஜமாகவே மான் உண்டு.)

மூன்று வருடம். அதில் முதல் ஐந்து மாதம் செய்தது, அலைத்தொட்டியில் நீர்மட்டம் அளக்கும் கம்பிகளைச் சரிபார்த்தது. தண்ணீர் சூடானால் அது மின்சாரத்தைக் கடத்தும் அளவு மாறும், அளவீடு நழுவும். காலையில் ஒரு எண், மத்தியானம் ஒரு எண். அதனால் தினமும் காலையில் கம்பியை ஏற்றி இறக்கிக் குறித்துக்கொண்ட பிறகுதான் அலையைப் பற்றிய பேச்சே. என் கைடு ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "எப்படித் தெரியும்?" கிராஃபைக் காட்டினால், எப்படித் தெரியும்? புத்தகத்தில் இருக்கிறது சார் என்றால், அவருக்கு எப்படித் தெரியும்? ஆரம்பத்தில் அழுகை வந்தது. இன்றைக்கு ஒரு திட்ட அறிக்கை என் மேஜைக்கு வந்தால் அந்தக் குரல்தான் எனக்குள் படிக்கிறது. அந்தக் குரலுக்காகத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள் என்றே நினைக்கிறேன்.

2018-ல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் ஒரு முக்கோண எஃகுத் திட்டு இறக்கியதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் வடிவமைப்பு. நீருக்கடியில் இருந்துகொண்டு அலையின் வேகத்தை உடைக்கிறது, உள்ளே மணல் தங்குகிறது. கருங்கல்லுக்கு முன்னால் மறுபடி மணலில் குழந்தைகள் விளையாடுகிறார்கள். இது எந்தக் கையேட்டிலிருந்தும் நேராக எடுத்ததில்லை. அளந்து, மாதிரி செய்து, கணினியில் ஓட்டிப் பார்த்துச் செய்தது. வடக்கேயுள்ள குப்பங்களுக்கு என்ன வழி என்பது வேறு கேள்வி. அதற்கு ஆள் வேண்டும். அந்த ஆள் இந்த அரங்கில் இருக்கலாம்.

இன்னொரு காரணம் சொல்ல வேண்டும். பக்கத்து வீடு. பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்தின் அருமையே அங்கே பக்கத்து அறையில் வேறு ஒருவர் வேறு எதையோ செய்துகொண்டிருப்பதுதான். ஜி.என். ராமச்சந்திரனை எடுத்துக்கொள்ளுங்கள். பெங்களூருக்கு மின் பொறியியல் படிக்கப் போனவர். சர் சி.வி. ராமன் அவரை இயற்பியலுக்கு இழுத்துக்கொண்டார். 1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் துறைத் தலைவராக வந்தார். தோலிலும் எலும்பிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு அப்போது புதிராக இருந்தது. கிண்டியில் பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். அங்கே கங்காரு வாலின் தசைநாண் கிடைத்தது! கொலாஜனுக்கு அருமையான மாதிரி அது. 1954-ல் ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 'நேச்சர்' இதழில் அதன் முப்புரி அமைப்பை வெளியிட்டார்கள். தோல் பதனிடும் ஆராய்ச்சிக்கும் எக்ஸ்-கதிர் இயற்பியலுக்கும் நடுவில் நடந்துபோகும் தூரம், அதுதான் விஷயம். பிறகு 1963-ல் வந்த 'ராமச்சந்திரன் வரைபடம்' இன்றைக்கும் உலகத்தில் புரத அமைப்பு பார்க்கிற அத்தனை பேருக்கும் அன்றாடக் கருவி. அந்தக் கட்டுரையில் கூட இருக்கும் ராமகிருஷ்ணன், சசிசேகரன் இரண்டு பேரும் அவருடைய மாணவர்கள்.

பக்கத்து ஊர் சிதம்பரத்தில் 1952-ல் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் கதையும் இதே ரகம். அமெரிக்காவில் ஓஹையோ பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் பி.எச்டி. வாங்கிவிட்டு, உயிரியல்தான் வேண்டும் என்று தோன்றியதும் கலிபோர்னியாவில் மறுபடி மாணவனாகப் போய் உட்கார்ந்தார். 2009-ல் வேதியியலில் நோபல் பரிசு. டாக்டர் பட்டம் வாங்கியவரை மறுபடி முதல் பெஞ்சில் உட்கார வைத்துக்கொள்ளும் இடம் வேறு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

சரி, இவ்வளவு சொன்னேன். இருட்டுப் பக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் ஆள் சேர்க்கிறவன் ஆகிவிடுவேன். அதற்கும் பாண்டியிலேயே கதை இருக்கிறது. லெ ஜான்தில் என்ற பிரெஞ்சு வானியல் அறிஞர், சூரியனைச் சுக்கிரன் கடப்பதைப் பார்ப்பதற்காக 1760-ல் கப்பலேறினார். 1761-ல் வந்து சேர்வதற்குள் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. ஆடுகிற கப்பலிலிருந்து பார்த்தார், அளக்க முடியவில்லை. ஊர் திரும்பவில்லை, அடுத்ததற்காக எட்டு வருடம் காத்திருந்தார். இடிந்த கோட்டையில் ஆய்வுக்கூடம் கட்டினார். 1769 ஜூன் 4 காலை, சரியாக அந்த நேரத்துக்கு மேகம் மூடிக்கொண்டது. அது முடிந்த பிறகு வெயில் அடித்தது. 1771-ல் ஊர் திரும்பினால் அவரை இறந்தவராகக் கருதிவிட்டிருந்தார்கள், கழகத்தில் அவர் இடத்தையும் வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டிருந்தார்கள். இடையில் இங்கே அவர் செய்த இன்னொரு வேலைதான் நின்றது. தமிழர்கள் கிளிஞ்சல் வைத்துக் கிரகணம் கணிப்பதை அவரும் உட்கார்ந்து கற்றுக்கொண்டு எழுதி வைத்தார்.

பி.எச்டி. ஐந்து வருடம், ஆறு வருடம் இழுக்கும். மேகம் மூடும். கூடப் படித்தவன் கார் வாங்கி, கல்யாணம் முடித்து, குழந்தைக்குக் காதும் குத்தியிருப்பான். கைடு சரியில்லை என்றால் நரகம். அதனால் சேர்வதற்கு முன் கைடின் கட்டுரைப் பட்டியலைப் பார்ப்பதைவிட, அவரிடம் இப்போது இருக்கும் மாணவர்களுடன் மெஸ்ஸில் ஒரு வேளை சாப்பிடுங்கள். எல்லாம் தெரிந்துவிடும். தங்கைகளுக்குத் தனியாக ஒன்று: "படிச்சது போதும், வரன் வந்திருக்கு" என்ற பேச்சு உங்கள் வீட்டில் கட்டாயம் வரும். உதவித்தொகைக் கடிதம் கையில் இருந்தால் அந்தப் பேச்சைச் சமாளிப்பது கொஞ்சம் சுலபம் என்று என் வகுப்புத் தோழிகள் சொல்கிறார்கள்.

வேலையில் முன்னேற மட்டும்தான் பட்டம் என்றால் ஆராய்ச்சிக்கு வராதீர்கள். அதற்கு வேறு நல்ல படிப்புகள் உண்டு. கடன் வாங்கி வெளிநாட்டில் பாடம் மட்டும் படிக்கும் எம்.எஸ்.ஸும், கட்டணத்தைத் தள்ளுபடி செய்து மாதப் பணமும் கொடுத்து ஆராய்ச்சி செய்ய வைக்கும் பி.எச்டி.யும் ஒன்றல்ல. விளம்பரத்தில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும்.

பணக் கணக்கு. கேட் மதிப்பெண்ணோடு எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய். பி.எச்டி.க்கு 2023 ஜனவரி முதல் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, அதற்குப் பிறகு 42,000. 2018-ல் தொடங்கிய பிரதம மந்திரி ஆராய்ச்சி உதவித்தொகையில் தொடக்கமே 70,000 என்று வைத்தார்கள். கேட் மதிப்பெண் மூன்று வருடம் செல்லும். 2021 தேர்விலிருந்து மூன்றாம் ஆண்டு மாணவர்களும் எழுதலாம். ஆக, மூன்றாம் ஆண்டில் எழுதி வைத்துவிட்டு, வேலைக்கும் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். நான் அப்படித்தான் சொல்வேன். ஒன்றிரண்டு வருடம் வேலை பார்த்துக் கேள்வியோடு போகிறவர்கள் தொட்டிக்கு முன்னால் சலிப்பதில்லை. அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகையும் உண்டு. இரண்டு மாதம் ஒரு ஆய்வுக்கூடத்தில் இருந்து பார்த்தால் பிடிக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

அண்ணன்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். 2020-ல் நம் கல்லூரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆகிவிட்டது. பெயர்ப்பலகை மாறிவிட்டது. உங்கள் அலுவலகங்களில் "கோட்ல அப்படித்தான் இருக்கு" என்று மூடி வைத்த கேள்விகள் எத்தனையோ இருக்கும். வருடத்துக்கு ஒன்றை எழுதி இங்கே அனுப்புங்கள். கணினிச் சாமான் வாங்கப் பணம் தருவதைவிட அது நம் பேராசிரியர்களுக்குப் பெரிய உதவி. பணமும் தரலாம், வேண்டாம் என்று சொல்லவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நாலு மணி வரை சிவில் துறை வராந்தாவில் இருப்பேன். கேட்க வேண்டியதை அங்கே வந்து கேளுங்கள். மார்க் ஷீட் எடுத்து வர வேண்டாம். உங்கள் பாடத்தில் உங்களுக்குப் புரியாமல் கிடக்கும் விஷயம் ஒன்றை ஒரு பக்கம் எழுதி எடுத்து வாருங்கள், அதைப் பேசுவோம்.